கதைக்கு வெளியே

புதன்கிழமை மிஸ் என்னைக் கூப்பிட்டு
"சந்தனம், இந்தக் கதையில நீங்கதான் கள்ளன்" என்றார்.
சரி என்றேன்.
பத்தொன்பது வருடமாக மணி அடிக்கிறேன்,
ஆய்வுகூடம் கூட்டுகிறேன்,
கள்ளன் வேலை மட்டும் யாரும் தந்ததில்லை.

களவுபோக வேண்டியது நுணுக்குக்காட்டியின் வில்லை.
நானே கழற்றினேன்,
பஞ்சில் சுற்றி அதிபரின் இழுப்பறையில் ஒளித்தேன்.
முகவையில் என் வலது பெருவிரல்,
கண்ணாடி உடைந்த சன்னலுக்கு வெளியே
ஈரமண்ணில் இடது சப்பாத்து,
கறுப்புப் பேனையில் ஒரு மிரட்டல்:
"வில்லய தேட வேண்டாம். தேடினா வினை."
பிழை இருந்தால் நல்லது என்றார் மிஸ்.
அதற்காக நான் மெனக்கெடவில்லை.

வெள்ளிக்கிழமை. பத்தாம் தரம்.
அக்கரப்பத்தனை முழுவதையும் மூடுபனி
களவெடுத்துக்கொண்டு போயிருந்தது.
யுகேந்திரா பென்சில் கரியைச் சுரண்டித் தூளாக்கினான்.
ரிஷானி அக்காவின் பவுடர் தூரிகையோடு வந்திருந்தாள்.
தூவினார்கள், ஊதினார்கள், தும்மினார்கள்,
செலோடேப்பில் ஒற்றி வெள்ளைத்தாளில் ஒட்டினார்கள்.
என் விரல்தான்.
பங்களாவிலிருந்து பார்த்தால் ஏழாம் நம்பர் மலை
அப்படித்தான் தெரியும்,
நிரை நிரையாய் வளைந்து
உச்சியில் ஒரு சுழி.

மிரட்டலில் ஒரு துண்டு வெட்டி
தண்ணீரில் நுனி படத் தொங்கவிட்டார்கள்.
கறுப்பு மெல்ல ஏறியது,
ஏறும்போதே ஊதாவாய், நீலமாய்,
மேலே கொஞ்சம் மஞ்சளாய்ப் பிரிந்தது.
"அப்ப கறுப்புன்னு ஒன்னுமே இல்லையா மிஸ்?"
டிலக்‌ஷனுக்கு அன்று முழுக்க அதே கவலை.

கரும்பலகையில் மிஸ் எழுதினார்:
வந்தவர் எதையாவது விட்டுப் போவார்,
எதையாவது கொண்டு போவார்.

அப்போதுதான் சதுர்ஷிகா
கடைசி மேசைக்கடியில் தவழ்ந்து போனாள்.

ரோஸ் நிறப் பாய்நார் ஒன்று.
மெழுகு சொட்டியது, ஆறு இடம்.
டின்மீன் மூடி. நரைமுடி இரண்டு.
சுவரோரம், தலை வைத்துத் தேய்ந்த
ஒரு எண்ணெய் வட்டம்.
ஒவ்வொன்றுக்கும் இலக்க அட்டை வைத்தாள்,
அடிமட்டம் போட்டு அளந்தாள்.
மிஸ் குனிந்து பார்த்து
"இது நான் வைக்கலியே" என்றார்.

பிடரியில் எனக்கு வியர்த்தது, அந்தக் குளிரில்.

ஐப்பசி மழையில் எங்கள் லயத்துக்குப் பின்னால்
மண் வாய் பிளந்தது.
வந்தவர்கள் சுவரில் சிவப்பாய் எழுதிவிட்டுப் போனார்கள்.
மகள் தலவாக்கலைக்கு, மாமியார் வீட்டுக்கு.
என்னிடம் ஆய்வுகூடச் சாவி இருந்தது.
வேறொன்றும் சொல்ல இல்லை.

அறிக்கை வாசிக்கும் நேரம்.
கள்ளன் சந்தனம் அண்ணன், தடயம் நான்கு,
சப்பாத்தின் குதியில் தேய்ந்த பக்கம் உட்பட.
கைதட்டல். நானும் தட்டினேன்.
வில்லையை எடுத்து வர
டிலக்‌ஷன் அதிபரிடம் ஓடினான்.

சதுர்ஷிகா மட்டும் உட்காரவில்லை.
இரண்டாவது தாளைப் பிரித்தாள்.
என்னைப் பார்க்காமல் வாசித்தாள்:
"தடயம் ஐந்து முதல் ஒன்பது வரை
கதைக்கு வெளியே உள்ளவை.
குழு விசாரிக்கவில்லை."

"ஏன்?" என்றார் மிஸ்.

"குத்தம் ஒன்னும் நடக்கல மிஸ்."

மிஸ் அந்தத் தாளை வாங்கி
புள்ளி போடாமல்
கோப்பில் வைத்தார்.
மணி அடிக்க நேரமாகிவிட்டதென்று
நான் வெளியே போனேன்.
நேரமாகவில்லை. ஏழு நிமிடம் இருந்தது.

அன்றிரவு பாயை விரித்தேன்.
எட்டாம் இலக்க அட்டை அங்கேயே கிடந்தது.
மெழுகுதிரியை அதை மறைக்காமல் வைத்தேன்.
சுடர் ஆடவில்லை.
வழக்கமாக அது நிற்காது,
அந்த உடைந்த சன்னல் விடாது.

எழுந்து போய்ப் பார்த்தேன்.
ஓட்டையில் கொப்பி அட்டை ஒன்று,
அளவெடுத்து வெட்டி, நான்கு பக்கமும் செலோடேப்.
ஓரத்தில் பென்சில் கரியில்
சின்னதாய் ஒரு பெருவிரல்.

தூரிகை மேசையில்தான் இருந்தது,
செலோடேப்பும் மிச்சம் இருந்தது.
யாருடையதென்று
நான் ஒற்றி எடுக்கவில்லை.